குளத்துக்கு உறை ஊற்றியவள்

ரங்கூனில் குண்டு விழுந்து, பிழைக்கப் போன சனம் காடும் மலையுமாக நடந்து ஊர் திரும்பிய வருஷம் அது, தம்பி. மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் ரேஷன் சீட்டு வைத்திருந்தார்கள். கொடும்பாளூர் பக்கம் மதுரை ரோட்டில் பட்டாளத்து லாரிகள் எறும்புச் சாரை போலப் போகும். வண்டிமாடுகள் மிரண்டு வாய்க்காலில் இறங்கிவிடும். நம் ஊர் அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்தது. எந்த வருஷம் என்று நம்பரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்தும் எண்ணும் எனக்கு வராதது நீ அறிந்ததுதான். ஆனால் அந்த ஐப்பசியில் முதல் மழை எந்தத் திசையிலிருந்து ஏறி வந்தது, யார் வீட்டுக் கூரை முதலில் ஒழுகியது என்று கேள், இப்போதே சொல்வேன்.

நாளைக் கழித்து எனக்குப் புதுக்கோட்டையில் கண் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள், நானும் பயப்படவில்லை. ஆனாலும் கத்தி படப்போகிற கண் அல்லவா. இந்தக் கண் பார்த்ததிலேயே பெரியது எது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டு கிடந்தேன். தஞ்சாவூர்க் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரத்தில் கடல் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் இரண்டாவதுதான். ஒரு கடுகை நாலாக நறுக்கினால் வருகிற அளவில் ஒன்றைப் பார்த்தேனே, அதுதான் முதலாவது. அப்பன் என்று உனக்கு எத்தனையோ புத்தி சொன்னவன் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கீழத்தெரு டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்கிறேன், அந்தப் பிள்ளை எழுதுகிறது. "ஒங்க பேச்சத் திருத்தி நல்ல தமிழ்ல எழுதிரவா தாத்தா?" என்று கேட்டது. "என் பேச்சைத் திருத்திக்க ஆத்தா, மத்தவுக பேசுனத மட்டும் தொடாத" என்று சொல்லியிருக்கிறேன்.

என் அண்ணன், உன் பெரியப்பா, பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் இருந்தார். கல்யாணமாகி உன் பெரியம்மாவையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். குண்டு விழுந்ததும் இரண்டு பேரும் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தார்கள். ஊர் வந்து சேர்ந்தபோது இரண்டு பேர்தான் வந்தார்கள். குழந்தையை ஒரு மலை ஓடைப் பக்கம் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று என் ஆத்தா எங்களுக்குச் சொல்லிவிட்டாள். பெரியப்பா மடியில் ஒரே ஒரு சாமான் இருந்தது. கெம்புக் கல்லைச் சோதித்துப் பார்க்கிற பூதக்கண்ணாடி, பித்தளை வளையம் போட்டது. நகை நட்டெல்லாம் வழியில் அரிசியாகிவிட்டது. அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு அரிசி தர யாரும் இல்லாததால் அது மட்டும் ஊர் வந்து சேர்ந்தது.

வந்தவருக்கு இங்கே செய்ய வேலை இல்லை. நம் பெரிய கண்மாய்க்கு வருகிற வாய்க்கால் உடைந்து இரண்டு மழையாகத் தண்ணீர் ஏறவில்லை. மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்ளும். அவரோடு பர்மாவிலிருந்து நடந்து வந்த மாடக்கண்ணு பட்டாளத்தில் சேரப் பெயர் கொடுத்துவிட்டான். "தை பொறந்ததும் அன்னவாசலுக்கு லாரி வருதாம்ணே. சோறு போட்டு, சட்டையும் குடுத்து, சுடச் சொல்லித் தர்றான். இங்க ஒனக்கு யாரு சுடச்சுடப் போடுறா?" என்று தினமும் வந்து கேட்பான். உன் பெரியப்பாவும் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் உன் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஆத்தாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "ஒரு உசுர ரோட்டுல வச்சுட்டு வந்துட்டோம் அத்தை. இன்னொண்ண நானே லாரியில ஏத்தி விடணுமா?"

அந்தக் கோடையில் சமஸ்தான வேலையாக ஊருக்கு மேற்கே பாறைச் சரிவின் அடியில் ஒரு புதுக்குளம் வெட்டியிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு அது ஒரே மூச்சில் நிரம்பியது. பாறையிலிருந்து வழிந்த தண்ணீர், அடியில் செம்பூராங்கல் பாறை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் நகம் தெரியும். கண்ணாடி, கண்ணாடி என்று ஊரே பார்க்கப் போனது. உன் பெரியம்மாதான் புருஷனிடம் சொன்னாள், "மீன் வுட்டுப் பாருங்களேன். வளந்தா இருங்க, வளரலேன்னா போங்க. நான் மறிக்க மாட்டேன்." ஊர் அம்பலகாரரிடம் கேட்டோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "புதுத்தண்ணி மலட்டுத்தண்ணிடா. வுட்டுத்தான் பாரேன். வளந்தா ஊருக்கு ஒரு நா பொதுவாப் புடிக்க வுடணும், மிச்சம் ஒனக்கு" என்றுவிட்டார். தை வரைக்கும் பார்ப்பது என்று பெரியப்பா ஒத்துக்கொண்டார்.

பக்கத்து ஊர் வடக்கூர்க் குட்டையில் விரால் குஞ்சு பொரித்திருந்தது. விரால் குஞ்சை நீ பார்த்திருக்கிறாயோ என்னவோ. செக்கச்செவேலென்று ஒரு பந்தாகத் திரண்டு போகும், அடியில் தாய் காவலுக்கு வரும். கையை விட்டால் பாய்ந்து வந்து கடிக்கும். நானும் பெரியப்பாவும் வேட்டியை விரித்துக் குஞ்சுகளை அள்ளி மண்பானையில் கொண்டு வந்தோம். நம் ஊரில் அப்போது ஒரு கட்டு இருந்தது: வேற்றூர்த் தண்ணீரை நம் குளத்தில் கலக்கக் கூடாது. வடக்கூர் சிலந்தி ஊர். காலில் கொப்புளம் வந்து உடைந்து, நூல் மாதிரி ஒரு புழு வெளியே வருமே, நரம்புச்சிலந்தி, அது அங்கே வீட்டுக்கு ஒருவருக்கு இருந்தது. அந்த ஊர்த் தண்ணீர் என்றால் நம் ஆட்கள் வாய்கூடக் கொப்பளிக்க மாட்டார்கள். அதனால் கரையில் வைத்து, பானைத் தண்ணீரைத் துணி கட்டி வடித்து மேட்டில் கொட்டிவிட்டு, கிணற்றுத் தண்ணீரில் குஞ்சுகளை நன்றாக அலசி, சாமிக்குப் பூ கழுவுகிற மாதிரி கழுவிப் புதுக்குளத்தில் விட்டார் பெரியப்பா. அவ்வளவு சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் குஞ்சுகள் மிதக்க ஆரம்பித்தன. விரால் லேசில் சாகிற சாதியா? தண்ணீரில்லாத சட்டியில் போட்டு மூடி வைத்தாலும் அரை நாள் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். அதுவே சாகிறது என்றால் தண்ணீரில் விஷம் என்றார்கள் சிலர். குளம் காவு கேட்கிறது, ஆட்டை வெட்டு என்றார்கள் சிலர். மாடக்கண்ணு கரையில் குந்திக்கொண்டு, "மீனே ஊர விட்டுப் போவுது. நீ என்னண்ணே உக்காந்திருக்க?" என்றான். பெரியப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் மனதில் லாரி ஏறிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. உன் பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் தண்ணீரில் இறங்கி ஒரு செத்த குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். தலை பெருத்து, உடம்பு குச்சியாக, வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. நகத்தால் வயிற்றைக் கீறினாள். உள்ளே ஒன்றுமில்லை. "இது வெசத்துல செத்தது இல்ல. பசியில செத்தது" என்றாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அம்பலகாரர் கேட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமல், "வர்ற வழியெல்லாம் இப்படித்தான் கெடந்தாக" என்றாள்.

அன்று முழுக்க அவள் வடக்கூர்க் குட்டைக்கும் நம் குளத்துக்குமாக நடந்தாள். அந்தக் குட்டையில் அப்படி என்னத்தைத் தின்று குஞ்சு உயிரோடு இருந்தது என்பதுதான் அவள் கேள்வி. வந்து சொன்னாள்: அந்தத் தண்ணீர் இளம்பச்சையாக இருக்கிறது, கையில் அள்ளினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் துள்ளுகின்றன, குஞ்சுகள் அதைத்தான் கொத்துகின்றன, நம் குளத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தத் தண்ணீரில் ஒரு பானை கொண்டு வந்து ஊற்றினால் போதும் என்று அம்பலகாரரிடம் கேட்டாள். அவர் எழுந்தே விட்டார். "சிலந்தித் தண்ணியக் கொண்டாந்து ஊத்துவியா? ஒன் புருசன் ஊர்ல இருக்கணும்னா எங்க காலெல்லாம் அழுகணுமா?" அதில் நியாயம் இருந்தது. அவளும் அதை ஒத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

உன் பெரியம்மா பிறந்த வீடு கீரமங்கலம் பக்கம், மாடும் மோருமாக இருந்த வீடு. மறுநாள் காலையில் ஆத்தா தயிர்ச்சட்டியைக் கழுவப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, எங்க வீட்டுல உறைமோர் இல்லாத அன்னைக்கு என்ன செய்வோம் தெரியுமா? பழைய சட்டியக் கழுவாமக் காய வச்சிருப்போம். அதுல பால ஊத்துனா தானா உறைஞ்சுரும்." ஆத்தா, "அதுக்கு?" என்றாள். "நம்ம கண்மாயும் கழுவாம காஞ்ச சட்டிதான? அதுல முந்தி விரால் கெடந்துச்சுல்ல?" என்றாள் உன் பெரியம்மா. சொன்னவள் கூடையையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பெரிய கண்மாயின் நடு மடுவில், தண்ணீர் கடைசியாக வற்றிய இடத்தில், ஐப்பசி மழை மேல்மண்ணை நனைத்ததோடு சரி, கீழே மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. அதைப் பெயர்த்துக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து புதுக்குளத்து ஓரத்தில் கரைத்தாள். ஊர் சிரித்தது. "குளத்துல தூர் வாருறவுகளப் பாத்திருக்கோம், தூர் வாரிக் குளத்துல போடுறவளப் பாத்திருக்கமா?" என்று பெண்கள் இடுப்பில் குடத்தோடு நின்று பேசினார்கள். அவள், "நீங்களும் ஆளுக்கு ஒரு கூடை எடுத்தா இன்னும் நல்லாச் சிரிக்கலாம்" என்றாள். கண்ணாடித் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கிவிட்டது. அம்பலகாரர் வந்து பார்த்தார். வேற்றூர்த் தண்ணீர் இல்லை, நம் கண்மாய் மண்தான். ஊர்க் கட்டுப்பாட்டை மீறியதாகவும் சொல்ல முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். சும்மா நிற்க முடியாமல் நானும் சுமந்தேன். "நெசமாவே வருமா மதினி?" என்று கேட்டேன். "பாலப் பாத்தா தயிர் தெரியுமா தம்பி? எனக்கு வீட்டுல உக்கார முடியல, சுமக்குறேன்" என்றாள். நிச்சயமாகத் தெரிந்தவர்கள்தான் காரியத்தில் இறங்குகிறார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், தம்பி, அது அப்படி இல்லை.

மண் படிந்து தண்ணீர் மறுபடி தெளியத் தொடங்கியது. ஆனால் பழைய தெளிவு இல்லை, இளநீர் ஓட்டின் உட்புறம் போல ஒரு பச்சை ஏறியிருந்தது. மார்கழி பிறந்த பின் ஒரு காலையில், வெயில் நன்றாக ஏறியதும், உன் பெரியம்மா பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். தட்டில் உப்பைத் தூவினது போல இருந்தது, அந்த உப்பு நடந்தது. பெரியப்பா உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து குனிந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "என்னண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டேன். கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் பார்த்ததை உனக்கு எப்படிச் சொல்வேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு உடம்பு. பேரிக்காய் மாதிரி தலைப்பக்கம் பருத்து வால்பக்கம் ஒடுங்கி, நுனியில் மயிர் பிரிந்து நின்றது. உடம்பு பளிங்கு, உள்ளே குடல் ஓடுவதும், அதில் பச்சையாகத் தின்றது நகர்வதும் தெரிந்தது. நெற்றிக்கு நடுவே ஒரே ஒரு கண், செங்கெம்புக் கல் பதித்தது போல. சிலது நீளமான மீசையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, கழைக்கூத்தாடி கம்பைப் பிடித்தது போல, தண்ணீருக்குள் ஆடாமல் நின்றது. நின்றது திடீரென்று ஒரு சொடுக்கில் வேறு இடத்தில் இருந்தது. சில பெரியவை முட்டையை விட்டு அப்போதுதான் வந்த கொசுப்புழுவைப் பிடித்துக் கடித்தன. பெண் எது என்று எளிதில் தெரிந்தது. சிலதுக்கு ஒரு மூட்டை, சிலதுக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு மூட்டை, உள்ளே முட்டை முட்டையாக, திராட்சைக் குலை போல. இரண்டு மழையாகத் தண்ணீர் தேங்காத மண், தம்பி. ஆடு மிதித்த மண். கோடையில் நாங்கள் அதன்மேல் செருப்பில்லாமல் நடக்க முடியாமல் ஓடியிருக்கிறோம். அந்த மண்ணுக்குள் இத்தனையும் உயிரைப் பிடித்துக்கொண்டு, மழை எப்போது வரும் என்று தெரியாமல், சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. என்னை அறியாமல் கண்ணாடியோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

உன் பெரியம்மா கடைசியாக வாங்கிப் பார்த்தாள். எங்களைவிட வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "மூட்டையையும் தூக்கிக்கிட்டு எப்படி ஓடுதுங்க பாருங்க" என்றாள். பெரியப்பா அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பர்மாவிலிருந்து வந்த பிறகு அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இந்தக் காஞ்ச மண்ணுலயும் இத்தன பேரு பொழைச்சுக் கெடந்திருக்காகளே" என்று மட்டும் சொன்னார்.

திரும்பவும் வடக்கூருக்குப் போய்க் குஞ்சு அள்ளி வந்தோம், அதே கட்டுப்படி வடித்துக் கழுவித்தான் விட்டோம். தை பிறந்தது. லாரி அன்னவாசலில் வந்து நின்றுவிட்டது என்று மாடக்கண்ணு பெட்டியோடு வந்தான். "கெளம்புண்ணே, கடைசி ஆளு நாமதான்." பெரியப்பா, "குளத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று போனார். ஆத்தா, நான், மாடக்கண்ணு, எல்லோரும் பின்னால் போனோம். அம்பலகாரரும் தடியை ஊன்றி வந்து சேர்ந்தார். தண்ணீர் சும்மா கிடந்தது. உன் பெரியம்மா கரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மாடக்கண்ணு இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். அப்போது மண் கரைத்த ஓரத்தில் உலை கொதிக்கிற மாதிரி தண்ணீர் பொங்கியது. செக்கச்செவேலென்று ஒரு பந்து மேலே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கியது. வயிறு புடைத்த குஞ்சுகள். பெரியப்பா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். மாடக்கண்ணு கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிண்ணே, நீ ஒன் மீனுக்குச் சோறு போடு. நான் போய் என் சோத்தப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். போனவன்தான். அவன் எங்கே விழுந்தான் என்றுகூடச் சேதி வரவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை எனக்கு இன்னும் தெரிகிறது.

பிறகு பல வருஷம் நான் அந்தக் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத பச்சைத் தூசியைப் புள்ளி தின்கிறது. புள்ளியைக் குஞ்சு தின்கிறது. குஞ்சு வளர்ந்ததை நீர்க்காகமும் நாமும் தின்கிறோம். காகம் எச்சமிட, எச்சத்தில் மறுபடி பச்சை. நடுவில் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் மேலே இருக்கிற அத்தனை வயிறும் முதுகோடு ஒட்டிவிடும். நீ பிறந்து வளர்ந்த பிறகு ஒரு சுகாதார ஆள் குடிதண்ணீரை வடிகட்ட வீடு வீடாக வடிதுணி கொடுக்க வந்தார். நரம்புச்சிலந்தி எப்படி வருகிறது என்று சொன்னார்: சிலந்திக்காரன் தண்ணீரில் கால் வைத்தால் புழுவின் குஞ்சு வெளியே விழுமாம், அதை இந்தப் புள்ளிதான் விழுங்கித் தனக்குள் வளர்க்குமாம், அந்தப் புள்ளியைத் தண்ணீரோடு குடித்தவன் காலில் அடுத்த வருஷம் புழு வருமாம். மீனைக் காப்பாற்றியதும் அதுதான், காலை அழுக வைத்ததும் அதுதான். அம்பலகாரர் பிடித்த பிடிவாதமும் சரி, உன் பெரியம்மா பிடித்த பிடிவாதமும் சரி. காரணம் தெரியாமலே இரண்டு பேரும் சரியாக இருந்திருக்கிறார்கள். நீ நாலு பேருக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிறவன். ஒன்றைப் பார்த்ததும் நல்லது, கெட்டது என்று தட்டில் பிரித்து வைக்க அவசரப்படாதே. எனக்கு அந்த ஒரு புள்ளியைப் புரிந்துகொள்ளவே அரை ஆயுள் ஆனது, இன்னும் முழுக்கப் புரியவில்லை.

உன் பெரியப்பா அப்புறம் எங்கேயும் போகவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் திரும்பியதும் உழுதார், குளத்தில் மீன் எடுத்தார், அப்புறம் பிறந்த இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார், தன் கட்டிலில் கிடந்து செத்தார். ஒரு மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர் போன அன்று உன் பெரியம்மா கேட்டாள். கேட்டவள் முகத்தில் தோற்ற களை இல்லை. அன்றைக்குக் கரையில் நின்றவர்களில் ஆத்தா போய்விட்டாள், அம்பலகாரர் போய்விட்டார், மாடக்கண்ணு முதலிலேயே போனான். கண்ணில் பஞ்சு வைக்கப் போகிறவன் என்னைக் கணக்கில் சேர்க்காதே. இன்னமும் மழை விட்டதும் குச்சியை ஊன்றிக்கொண்டு குளத்தைப் பார்க்கப் போய் வருகிற ஒருத்தி மட்டும் இருக்கிறாள். மருமகள், மதினி, பெரியம்மா, அப்பத்தா என்று ஆளுக்கொரு முறை வைத்துக் கூப்பிட்டோமே தவிர, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை; உனக்கும் தெரிந்திருக்காது. டீச்சர், இதைக் கொஞ்சம் பெரிதாக எழுது ஆத்தா. அவள் பேர் சீரங்காயி.